ஆறில்லா ஊரும் ஒரு குன்றும்: நாமக்கல்லின் கதை

ஊர்கள் எங்கே தோன்றுகின்றன? வரலாற்றுப் பாடத்தில் இதற்கு நாம் படித்த விடை ஒன்று உண்டு. ஆற்றங்கரையில் தோன்றுகின்றன, கடற்கரையில் தோன்றுகின்றன, வணிகப் பாதைகள் கூடும் இடத்தில் தோன்றுகின்றன. மதுரைக்கு வைகை, தஞ்சைக்குக் காவிரி, புகாருக்குக் கடல். நாமக்கல்லுக்கு என்ன இருக்கிறது?

நிலப்படத்தை எடுத்துப் பாருங்கள். ஊருக்குள் ஆறு இல்லை. காவிரி தெற்கே ஏறக்குறைய 20 கி.மீ. தள்ளி மோகனூர் வழியாகப் போகிறது. சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் வழியாக வரும் திருமணிமுத்தாறு மேற்கே ஒதுங்கிச் சென்று காவிரியில் கலந்துவிடுகிறது. வடகிழக்கே கொல்லிமலை மதில்போல் நிற்கிறது. இவற்றுக்கு நடுவே ஒரு வறண்ட சமவெளி. அந்தச் சமவெளியில் தன்னந்தனியாக ஒரு வெண்ணிறப் பாறைக்குன்று. உயரம் சுமார் 200 அடி. ஊர் அதைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது.

பெயரிலும் கல்தான் இருக்கிறது. நாமக்கல், நாமகிரி, இவற்றுக்கு முன் வழங்கியதாகக் கூறப்படும் ஆரைக்கல் என்ற பழம்பெயர், எல்லாம் இந்தக் குன்றையே சுட்டுகின்றன. இந்த ஊரின் கோயில், கோட்டை, குளம் ஆகியவை மட்டுமல்ல, லாரிப் பட்டறையும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியும் கூட இந்தக் கல்லோடு தொடர்புடையவை. எப்படி என்று வரிசையாகப் பார்ப்போம்.

குன்று எப்படித் தனித்து நின்றது?

அனுமன் கண்டகி ஆற்றிலிருந்து சாளக்கிராமம் ஒன்றைக் கொண்டுவந்தார், வழியில் இங்குள்ள கமலாலயத்தில் நீராட இறங்கினார், கீழே வைத்த சாளக்கிராமம் மலையாக வளர்ந்துவிட்டது என்பது தலபுராணம். நம்பிக்கையை அதன் இடத்தில் வைத்துவிட்டு, இரண்டு கற்களையும் நிலவியல் எப்படிப் பார்க்கிறது என்று கேட்போம்.

நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமம் பெரும்பாலும் ஒரு புதைபடிவம். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற சுருள் ஓட்டு உயிரின் எச்சம் அது. இமயம் எழுவதற்கு முன் அங்கே கடல் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. நாமக்கல் வட்டாரப் பாறைகளோ அதைவிட மிகமிக மூத்தவை. அவற்றின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். ஓடுள்ள உயிர் எதுவும் உலகில் தோன்றாத காலம் அது. அதனால் இந்தப் பாறைகளில் எவ்வளவு தேடினாலும் சங்கோ சிப்பியோ கிடைக்காது.

இவை பூமிக்குள் 20 கி.மீ.க்கும் மேற்பட்ட ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகள். அப்படியானால் மேலே எப்படி வந்தன? மேலே இருந்த மண்ணையும் பாறையையும் மழையும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரித்து அகற்றின. பாரம் குறையக் குறைய அடியில் கிடந்த பாறை மெல்ல மேலே எழுந்தது. ஏற்றிய சரக்கை இறக்கினால் படகு உயர்வதுபோல என்று கொள்ளுங்கள்.

மேலே வந்த பாறை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கவில்லை. விரிசல் மிகுந்த பகுதிக்குள் நீர் புகுந்தது. புகுந்த நீர் பாறையின் கனிமங்களை வேதிமாற்றம் செய்து மண்ணாக்கியது. விரிசல் குறைந்த பகுதியில் நீருக்கு வழி இல்லை. சுற்றிலும் இருந்தது கரைந்து சமவெளியாக, கரையாத பகுதி குன்றாக நின்றது. ஆகவே குன்று வளரவில்லை, சுற்றியிருந்த நிலம்தான் தாழ்ந்தது. திருச்சி மலைக்கோட்டை, திண்டுக்கல், சங்ககிரி ஆகிய குன்றுகளின் கதையும் இதுதான்.

குன்றின் வடிவத்தையும் கவனியுங்கள். கூர்முனைகள் இல்லை, வழவழப்பான வளைவுகள்தாம். ஆழத்தில் அமுங்கிக் கிடந்த பாறை, அழுத்தம் நீங்கியதும் வெளிப்புறமாகச் சிறிது விரிகிறது. அப்போது மேற்பரப்புக்கு இணையாக விரிசல் விழுந்து, வெங்காயம் உரிவதுபோல் ஏடு ஏடாகக் கழன்று விழுகிறது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் அதற்குத் துணை செய்கின்றன.

கல்லைக் குடைந்தவர்கள்

விரிசல் குறைந்த பாறை என்பதைச் சிற்பிகள் நம்மைவிட முன்பே கண்டுகொண்டார்கள். குன்றின் மேற்குப் பக்கத்தில் நரசிம்மர் கோயிலும் கிழக்குப் பக்கத்தில் அரங்கநாதர் கோயிலும் பாறையைக் குடைந்து செய்யப்பட்டவை. அரங்கநாதர் குடைவரையில் உள்ள கல்வெட்டு அதனை அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று குறிக்கிறது. செய்வித்தவன் அதியர் மரபில் வந்த குணசீலன். காலம் ஏறக்குறைய 8ஆம் நூற்றாண்டு.

அதியர் என்றதும் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி நினைவுக்கு வருகிறான் அல்லவா? தகடூர் இன்றைய தருமபுரி. சங்க காலத்தில் கொல்லிமலை வல்வில் ஓரியிடம் இருந்தது. மலையமான் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்தான். தகடூரும் பின்னர்ச் சேரனிடம் வீழ்ந்தது. அத்தோடு அதியர் கதை முடிந்துவிட்டது என்று பாடநூலைப் படிப்பவர்கள் எண்ணிவிடுகிறார்கள். முடியவில்லை என்று சொல்வது இந்தக் குன்றுதான். பல நூற்றாண்டுகள் கழித்தும் அந்த மரபினர் இந்த வட்டாரத்தில் ஆண்டார்கள் என்பதற்குக் கல்லில் ஓர் ஆவணம் இங்கே கிடைத்திருக்கிறது. ஓலையில் எழுதியிருந்தால் செல்லரித்துப் போயிருக்கும்.

பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இன்றி மண்டகப்பட்டில் கோயில் குடைந்தான். அந்தக் கலை தெற்கே பரவியபோது அதியர்களும் அதை ஏற்றனர். குடையும் முறையை அறிய மாமல்லபுரத்தில் பாதியில் நிற்கும் குடைவரைகளைப் பாருங்கள். பாறை முகத்தில் கட்டம் கட்டமாகப் பள்ளக்கோடு வெட்டி, நடுவில் நிற்கும் சதுரத் துண்டுகளைத் தட்டிப் பெயர்த்து, அடுத்த அடுக்குக்குப் போயிருக்கிறார்கள். இங்கே ஓர் உளித் தவறு நேர்ந்தால் அந்தக் கல்லை மாற்றி வேறு கல் வைக்க முடியாது.

குடைவரையில் தூண்கள் நெருக்கமாக இருப்பது ஏன்? கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. கல்லை நசுக்கத் தேவைப்படும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதை இழுத்துப் பிளந்துவிடலாம். கூரைக் கல்லின் அடிப்புறம் தன் எடையாலேயே இழுவைக்கு உள்ளாகிறது. தூண்களின் இடைவெளி கூடினால் அடிப்புறம் விரிசல் விடும். இயற்பியல் நூல் எழுதாத அந்தச் சிற்பிகள் இதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

நரசிம்மருக்கு எதிரே, சற்றுத் தொலைவில், கூரையில்லாத வெட்டவெளியில் 18 அடி உயர ஆஞ்சநேயர் கைகூப்பி நிற்கிறார். நாமக்கல் என்றதும் வெளியூரார் முதலில் சொல்வது இவரைத்தான். நாமகிரித் தாயார் சந்நிதிக்கோ உலகக் கணித வரலாற்றில் இடம் உண்டு. கணிதமேதை இராமானுஜனின் குலதெய்வம் நாமகிரித் தாயார். 1914 மார்ச்சில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுவதற்கு முன் நாமக்கல் வந்து கோயிலில் தங்கியதாக அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. கடல் கடப்பதைக் குற்றமாகக் கருதிய குடும்பச் சூழலில் அந்தப் பயணம் எளிய முடிவன்று.

கோட்டையும் அடிவானமும்

குன்றின் உச்சியில் கோட்டை இருக்கிறது. கட்டியவர் சேந்தமங்கலம் பாளையக்காரர் இராமச்சந்திர நாயக்கர் என்று ஒரு செய்தியும், மைசூர் அதிகாரி இலட்சுமிநரசய்யா என்று மற்றொரு செய்தியும் வழங்குகின்றன. தென்மேற்குப் பக்கம் பாறையில் வெட்டிய குறுகிய படிகள் வழியாக ஏற வேண்டும். மேலே மதிலுக்குள் ஒரு பெருமாள் கோயிலும் இஸ்லாமியர் வழிபடும் இடமும் இருக்கின்றன.

முதலாம் மைசூர்ப் போரின்போது, 1768இல், ஆங்கிலத் தளபதி கர்னல் வுட் இந்தக் கோட்டையைப் பிடித்தார். விரைவிலேயே ஹைதர் அலி அதை மீட்டார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் வட்டாரம் கும்பினியாரிடம் போயிற்று. இவ்வளவு சிறிய ஒரு கோட்டைக்கு இத்தனை போட்டி ஏன்?

ஒரு எளிய கணக்கு விடை தருகிறது. பூமி உருண்டை. ஆகவே நாம் நிற்கும் உயரத்தைப் பொறுத்து அடிவானம் தள்ளிப்போகிறது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் அடிவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். தரையில் நிற்கும் மனிதனின் கண் சுமார் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவனுக்கு அடிவானம் நாலரை கி.மீ. தான். 60 மீட்டர் உயரக் குன்றின் மேல் நிற்பவனுக்கோ ஏறக்குறைய 28 கி.மீ.

அந்த 28 கி.மீ. வட்டத்தை நிலப்படத்தில் வரைந்து பாருங்கள். தெற்கே காவிரித் துறைகள் உள்ளே வருகின்றன. வடக்கே சேந்தமங்கலமும் நைனாமலையும் வருகின்றன. கொல்லிமலை ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்திருப்பதால் அது இன்னும் தொலைவிலிருந்தும் தெரியும். ஆற்றைக் கடக்கும் படை கிளப்பும் புழுதி, அது வந்து சேர ஒரு நாளுக்கு முன்பே காவலன் கண்ணில் படும். தொலைபேசி இல்லாத காலத்தில் இந்த ஒரு நாள் அவகாசம்தான் கோட்டையின் மதிப்பு.

போர் முடிந்தபின் அதே உயரங்கள் வேறு வேலைக்குப் பயன்பட்டன. பிரெஞ்சு அறிஞர்கள் டெலாம்பரும் மெஷேனும் 1792 முதல் 1798 வரை டன்கர்க்கிலிருந்து பார்சலோனா வரை தேவாலயக் கோபுரங்களையும் மலையுச்சிகளையும் முக்கோணங்களால் இணைத்து அளந்தார்கள். மீட்டர் என்ற அளவு அதிலிருந்துதான் பிறந்தது. நம் நாட்டில் வில்லியம் லாம்டன் 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அத்தகைய அளவையைத் தொடங்கினார். அவர் அளந்த பெரிய வில், குமரிமுனையிலிருந்து வடக்கே 78 பாகை தீர்க்கரேகையை ஒட்டிச் சென்றது. நாமக்கல் இருப்பதும் அந்தக் கோட்டுக்கு மிக அருகில், 78 பாகை 10 கலையில்தான்.

மழையும் குளமும்

இப்போது ஊரின் பெரிய கவலைக்கு வருவோம். ஆண்டு மழை சுமார் 700 மி.மீ. அளவில்தான். ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காவிரியோ அதைவிடத் தாழ்வில் ஓடுகிறது. நீர் தானாக மேலே ஏறாது. அதனால் மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கம் ஆற்றங்கரை நிலங்கள் வாழையும் வெற்றிலையுமாகப் பசுமை காட்ட, அந்தப் பட்டையைத் தாண்டியதும் புன்செய் தொடங்கிவிடுகிறது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களுள் அன்றைய சேலம் ஒன்று. வானம் பொய்த்தால் மாற்று வழி இல்லாத நிலம் இது.

இந்த நிலையில் குன்று ஒரு நீர் தரும் கருவியாகவும் இருந்தது. குன்றின் அடிச்சுற்று ஏறக்குறைய 800 மீட்டர் என்று கொள்வோம். அடிப்பரப்பு சுமார் 50,000 சதுர மீட்டர் ஆகும். ஒரு மாலையில் 10 மி.மீ. மழை பெய்தால் குன்றின்மேல் விழும் நீர் 500 கன மீட்டர், அதாவது 5 லட்சம் லிட்டர். மண்ணில் விழும் மழையில் பெரும்பகுதியை மண் உறிஞ்சிக்கொள்ளும். மொட்டைப் பாறை உறிஞ்சாது. மிகப் பெரும்பகுதி வழிந்து கீழே வரும். அடிவாரத்தில் குளம் வெட்டியவர்கள் அறிவாளிகள் என்பதில் ஐயமில்லை. கமலாலயம் அப்படி அடிவாரத்தில் அமைந்த குளம்தான்.

இன்று நகருக்குக் காவிரி நீர் குழாய் வழியே இறைத்துக் கொண்டுவரப்படுகிறது. ஆயிரம் லிட்டர் நீரை 90 மீட்டர் உயர்த்துவதாகக் கொண்டால், இழப்புகளைக் கணக்கில் சேர்க்காமலே கால் யூனிட் மின்சாரம் வேண்டும். குன்றிலிருந்து வழியும் நீர் அந்தக் கால் யூனிட்டையும் கேட்பதில்லை. அது குளத்துக்கு வரும் வாய்க்காலை மட்டும் அடைக்காமல் விடும்படி கேட்கிறது.

சக்கரமும் ரிக்கும்

மழையை நம்பி வாழ முடியாத ஊர் என்ன செய்யும்? நாமக்கல் சக்கரத்தில் ஏறியது. விடுதலைக்குப் பின் வந்த பத்தாண்டுகளில் இங்கே லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் பெருகின. வடக்கையும் குமரிமுனையையும் இணைக்கும் நெடுஞ்சாலை ஊரின் வழியாகவே போயிற்று. 7 என்ற எண் பெற்றிருந்த அந்தச் சாலை இன்று 44 என்ற எண்ணுடன் ஸ்ரீநகர் முதல் கன்னியாகுமரி வரை நீள்கிறது. நிலத்தில் விளையாததைச் சாலையில் தேடினார்கள். தென்னாட்டில் ஓடும் சமையல் எரிவாயு டாங்கர் லாரிகளில் மிகப் பலவற்றின் உரிமையாளர்கள் இந்த வட்டாரத்தினரே.

பக்கத்து ஊரான திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகள் பெருகின. கடினப் பாறை நிலத்தில் ஆற்று மணல்போல நீர் ஊறும் அடுக்கு இல்லை. மேலே சில மீட்டர் சிதைந்த பாறையிலும், அதற்குக் கீழே விரிசல்களிலும் மட்டுமே நீர் தங்கும். ஆகவே பாறையைத் துளைக்கும் திறமை இங்கே வாழ்க்கைத் தேவையாயிற்று. சொந்த நிலத்தில் கற்ற அந்தத் திறமையோடு திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் சென்று துளைபோடுகின்றன.

கோழிப்பண்ணைக்கும் வறண்ட தட்பவெப்பம் ஏற்றதாக அமைந்தது. இன்று நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் இங்கிருந்து வெளியே போகின்றன. 1985இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1997 ஜனவரி முதல் நாள் சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. சேலம், கரூர் இடையே ரயில் பாதை 2013இல்தான் திறக்கப்பட்டது. ரயில் வராத ஊர் லாரியை நம்பியதில் வியப்பென்ன? 2024இல் நாமக்கல் மாநகராட்சியாகவும் உயர்ந்துவிட்டது.

நிலவுக்கு முன்னோட்டம் பார்த்த கல்

நாமக்கல்லுக்கு மேற்கே, இதே மாவட்டத்தில், சித்தம்பூண்டி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கும் அருகிலுள்ள குன்னமலையிலும் அனார்த்தோசைட் என்ற அரிய வெண்பாறை கிடைக்கிறது. நிலவில் நமக்கு வெளிறித் தெரியும் மேட்டுநிலங்கள் இதே வகைப் பாறையால் ஆனவை. 1971இல் அப்போலோ 15 விண்வெளி வீரர்கள் நிலவிலிருந்து எடுத்துவந்த புகழ்பெற்ற கல்லும் அனார்த்தோசைட்தான்.

சந்திரயான் 2 பயணத்துக்காக இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்துக்கு நிலவு மண்போன்ற மண் தேவைப்பட்டது. தரையிறங்கியின் கால்களையும் ஊர்தியின் சக்கரங்களையும் அதில் சோதிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் விலை மிக அதிகம். சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளை எடுத்துவந்து பொடியாக்கி நம் அறிவியலாளர்களே அந்த மண்ணை உருவாக்கினார்கள். 2020இல் இதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான் 3 நிலவில் இறங்கியபோது, நாமக்கல் மாவட்டத்துக் கல்லுக்கும் அதில் ஒரு சிறு பங்கு இருந்தது.

நீங்களே அளக்கலாம்

உங்கள் ஊரிலும் ஒரு குன்று இருக்கலாம். கோபுரமோ தண்ணீர்த் தொட்டியோ இருக்கலாம். அதன் உயரத்தை ஏறாமலே அளக்கலாம். ஒரு கோணமானி, ஒரு நூல், நூலில் கட்ட ஒரு சிறு கல் போதும். கோணமானியின் நேர் விளிம்பு வழியாக உச்சியைப் பாருங்கள். தொங்கும் நூல் ஏற்றக் கோணத்தைக் காட்டும். கோணம் 30 பாகை வரும் இடத்தில் ஒரு குச்சி நடுங்கள். குன்றை நோக்கி நேராக நடந்து, கோணம் 45 பாகை ஆகும் இடத்தில் மற்றொரு குச்சி நடுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை 1.37 ஆல் பெருக்கி, உங்கள் கண் உயரத்தைக் கூட்டினால் குன்றின் உயரம் வந்துவிடும். இடைவெளி 44 மீட்டர் என்றால் உயரம் ஏறக்குறைய 60 மீட்டர்.

நாமக்கல் மாணவர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். ஏப்ரல் 19ஐயும் ஆகஸ்டு 24ஐயும் ஒட்டிய நாட்களில் நண்பகலில் சூரியன் உங்கள் தலைக்கு நேர் மேலே வரும். நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு அப்போது நிழல் இராது. ஆனால் அந்த நண்பகல் 12 மணிக்கு வராது. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு உரியது. நாமக்கல் அதற்கு மேற்கே இருப்பதால் ஏறக்குறைய 17 நிமிடம் தாமதமாகும். உங்கள் கடிகாரத்தோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நாமக்கல் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் கோட்டையோ கோயிலோ இல்லாத சிறு குன்றுகள் எத்தனையோ உள்ளன. அவை ஒவ்வொன்றும் ஜல்லியாகிச் சாலைக்கும் கட்டடத்துக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. கல் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. நம் வீடும் கல்லில்தான் நிற்கிறது. எந்தக் குன்றை எடுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்கு, அந்தக் குன்றில் என்ன இருக்கிறது என்று முதலில் யாராவது பார்த்திருக்க வேண்டும். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள குன்றுகளில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பதிவு செய்தவர்கள் இருந்தார்கள்.

வெடி வைத்தால் ஒரு பிற்பகலில் பெயர்ந்துவிடும் குன்று உருவாக 250 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதன் கல்வெட்டு, அதன் நீர்வழி, அதன் அடிவாரக் குளம் ஆகியவற்றை உங்கள் ஊர்க் குன்றில் நீங்கள் போய்ப் பாருங்கள். ஒரு குறிப்பேட்டில் படத்தோடு எழுதி வையுங்கள். உயரத்தையும் அளந்து எழுதுங்கள். நாளை அந்தக் குன்றைப் பற்றிக் கேள்வி எழும்போது, விடை சொல்ல அந்தக் குறிப்பேடு இருக்கட்டும்.